இங்கிலீஷ் பரீட்சையா, திண்டுக்கல் பூட்டா?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளன்று திண்டுக்கல் வட்டாரத்தில் இரண்டு விதமான வீடுகளைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் லட்டு வழங்குகிறார்கள். இன்னொரு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அடுப்பு எரியாத வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பன் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறான். தாய் நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகிறவள். மகள் கணக்கில் தேறினாள். அறிவியலில் தேறினாள். தமிழில் நல்ல மார்க்கு. இங்கிலீஷில் 31. தேற வேண்டியது 35. நான்கு மார்க்கு குறைந்தது. ஒரு பெண்ணின் படிப்பு நின்றது! "துணைத் தேர்வு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓராண்டு வராத பாடத்தை இடைப்பட்ட சில வாரத்தில் அவளுக்கு வீட்டில் கற்றுத் தருவது யார்? பூப்பறிக்கும் தாயா, கண் சிவந்து வரும் தகப்பனா? அடுத்த மாதம் அவளும் ஆலையின் வேனில் ஏறுகிறாள்.

அந்த நான்கு மார்க்கைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் போகிறோம்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை, 2019-20 முதல் ஒரே தாளாக, 100 மார்க்குக்கு நடக்கிறது. முதற் பகுதியில் ஒரு மார்க்குக் கேள்விகள் 14. ஒரு சொல்லுக்கு அதே பொருள் தரும் சொல் எது, எதிர்ப்பொருள் தரும் சொல் எது என்பவை மட்டும் 6. மற்றவை பன்மை என்ன, முன்னொட்டு என்ன, எந்த இடைச்சொல் பொருந்தும் என்று போகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருக்கும். ஒன்றைத் தேர்ந்து எழுத வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகள் எதை அளக்கின்றன?

கண்ணை மூடிக்கொண்டு 14 கேள்விக்கும் குறித்து வைத்தாலும், நாலில் ஒன்று என்ற கணக்கில் மூன்று அல்லது நான்கு மார்க்கு விழும். அதிர்ஷ்டத்தால் விழுந்த மார்க்குக்கும் அறிவால் வந்த மார்க்குக்கும் தாளில் வேறுபாடு தெரியாது. "சொற்கள் பாடப் புத்தகத்தில் உள்ளவைதானே, படித்தால் என்ன?" என்று கேட்பார்கள். படிக்கிறார்கள்! நோட்ஸ் புத்தகத்தை வாங்கி, இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் என்று பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். பரீட்சையில் மார்க்கு கிடைக்கிறது. மறுநாள் அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல் என்றால் பிள்ளை விழிக்கிறது. ஆக, தோற்ற பிள்ளையை இந்தப் பரீட்சை வெளியே தள்ளுகிறது. ஜெயித்த பிள்ளையை ஏமாற்றுகிறது. அந்த ஏமாற்றம் கல்லூரி வாசலிலும் வேலைக்கான நேர்முகத் தேர்விலும்தான் அவனுக்குத் தெரிய வருகிறது.

சொல் என்பது பட்டியலில் பிறப்பதல்ல, தோழர்களே! வேலையிலும் வாழ்விலும் பிறப்பது. நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலி, சம்பளம், ஊதியம் - மூன்றும் ஒரே பொருள் என்று அகராதி சொல்லலாம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனிடம் கேளுங்கள். கூலி என்பது அன்றைக்கு உழைத்தால் அன்றைக்குக் கிடைப்பது. மழை பெய்தால் இல்லை. சம்பளம் என்பது மாதம் பிறந்தால் வருவது. இந்த வேறுபாட்டை அவனுக்கு எந்த வாத்தியாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவன் வயிறு கற்றுக் கொடுத்தது. சோறும் சாதமும் ஒன்றுதான்; ஆனால் எந்த வீட்டில் எந்தச் சொல் புழங்குகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இங்கிலீஷும் அப்படித்தான். அது புழங்கும் வீட்டில் பிறந்த பிள்ளை, எந்தச் சொல் எந்த இடத்தில் பொருந்தும் என்பதைக் காதாலேயே கற்றுக்கொள்கிறது. தகப்பன் வக்கீல், தாய் டாக்டர், மேஜையில் இங்கிலீஷ் பத்திரிகை. அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்பது வீட்டுப் பேச்சின் தொடர்ச்சி. சின்னாளபட்டித் தறிக்கார வீட்டுப் பிள்ளைக்கோ, பேகம்பூர் தோல் ஷாப்புத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கோ இங்கிலீஷ் என்பது வாரத்தில் சில மணி நேரம் கரும்பலகையில் மட்டும் இருக்கும் ஒன்று. இருவருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, "சமமாக நடத்துகிறோம்" என்கிறார்கள். காலில் செருப்பு உள்ளவனையும் இல்லாதவனையும் முள்ளுக்காட்டில் ஓடவிட்டு, "ஒரே தூரம்தானே" என்று சொல்வதற்கு இதுதான் பெயரா?

இது நம் ஊர் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. என்றொரு பரீட்சை உண்டு. அதில் ஒரு காலத்தில் சொல்லுக்குச் சொல் உறவு காட்டும் கேள்விகள் கேட்டார்கள். ஓட்டக்காரனுக்கு மாரத்தான் என்றால் துடுப்புப் போடுகிறவனுக்கு எது என்பது ஒரு கேள்வி. விடை 'ரெகாட்டா' - படகுப் பந்தயம். பணக்காரர்கள் ஏரியில் நடத்தும் விளையாட்டின் பெயர் நகரத்துச் சேரியில் வாழும் கறுப்பினத் தொழிலாளியின் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அது அறிவைச் சோதித்த கேள்வியா, தகப்பன் பணத்தைச் சோதித்த கேள்வியா? கண்டனம் எழுந்தது. 2005-ல் அந்த வகைக் கேள்விகளையே எடுத்தார்கள். 2016-ல் யாரும் புழங்காத அருஞ்சொற்களைக் கேட்பதையும் கைவிட்டார்கள். டாலர் தேசமே கைவிட்டதை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

மொழிப் பரீட்சையை வாசற்பூட்டாக மாட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். ஆஸ்திரேலியா 1901-ல் ஒரு சட்டம் போட்டது. உள்ளே வருகிறவன் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில், அதிகாரி வாசிக்கும் 50 சொற்களைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம்! ஆசியத் தொழிலாளர்களைத் தடுக்கவே அந்தச் சூழ்ச்சி. 1934-ல், பாசிசத்தை எதிர்த்த ப்ராக் நகரத்துக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் ஏகோன் கிஷ், போர் எதிர்ப்பு மாநாட்டுக்காக அங்கே போனார். அவருக்கு ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். அதனால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! தோற்றார் என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று; அந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் இது சேராது என்று தீர்ப்பு வந்தது; சர்க்கார் தலைகுனிந்தது. ஆனாலும் அந்தப் பரீட்சை 1958 வரை நீடித்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிக்க எழுத்தறிவுச் சோதனை வைத்திருந்தார்கள். 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தப் பூட்டு உடைந்தது.

நம் நாட்டுக் கதையும் வேறல்ல. 1835-ல் மெக்காலே தன் குறிப்பை எழுதினான். கோடிக்கணக்கான மக்களுக்குக் கல்வி தருவது அவன் நோக்கமல்ல. வெள்ளைக்காரனுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்க ஒரு சிறு கூட்டத்தைத் தயாரிப்பதே நோக்கம். 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், சர்க்கார் உத்தியோகத்தில் இங்கிலீஷ் படித்தவர்களுக்கே முதலிடம் என்றான். அன்றைக்கு மாட்டிய பூட்டு இது. வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான். சாவி மட்டும் சில வீடுகளிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு பேர் நம்மை மறிக்கிறார்கள்.

ஒருவர் சொல்கிறார்: "தகுதிக்குத்தான் மதிப்பு. தெரியாதவன் தோற்கட்டும்." அவருக்கு நம் பதில்: கற்றுக் கொடுக்காததைச் சோதிப்பது பரீட்சை அல்ல, அது வடிகட்டல். நெசவே கற்றுத் தராமல் சேலையில் பிழை கண்டுபிடிப்பவன் மேஸ்திரியா?

இன்னொருவர் நம்மிடம் இரக்கம் காட்டுவது போலப் பேசுகிறார்: "கூலிக்காரன் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு? தாய்மொழி போதுமே." இவரிடம்தான் நாம் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று விசாரியுங்கள். மேடையில் தமிழ், வீட்டுப் பிள்ளைக்குக் கான்வென்ட்!

நாம் தெளிவாகச் சொல்கிறோம்: பாடங்களைப் பிள்ளைகள் தாய்மொழியில் கற்க வேண்டும். அப்போதுதான் புரியும். அதோடு இங்கிலீஷையும் ஒரு மொழியாக நன்றாகக் கற்க வேண்டும். நமக்கு இங்கிலீஷ் வேண்டும். உயிர்ப் பிரச்னையாகவே வேண்டும். ஏன் என்று சொல்கிறோம்.

ஆலையில் ஆள் குறைக்கும்போது நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டுகிறது. முழுவதும் இங்கிலீஷ். "கையெழுத்துப் போடு, பணம் வாங்கிக்கொள்" என்கிறார்கள். அதில் 'ரெசிக்னேஷன்' என்று இருந்தால், தானாகவே வேலையை விட்டதாக அர்த்தம். 'ரெட்ரெஞ்ச்மென்ட்' என்று இருந்தால், நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்ததாக அர்த்தம். ஆட்குறைப்பு என்றால், 1947-ன் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த கணக்குப்படி ஓராண்டு சர்வீசுக்கு 15 நாள் சராசரி ஊதியம் நஷ்ட ஈடு, முன்னறிவிப்பும் உண்டு. ராஜினாமா என்றால் இந்த நஷ்ட ஈடு கிடையாது. ஒரே ஒரு சொல்! இருபது வருஷம் உழைத்தவனுக்கு 300 நாள் ஊதியம் அந்த ஒரு சொல்லில் கரைந்து போகிறது.

'அப்ரெண்டிஸ்' என்று எழுதினால் ஒரு தொகை, 'ஒர்க்கர்' என்று எழுதினால் வேறு தொகை. கை செய்யும் வேலை ஒன்றுதான். ஓடும் ரிங் பிரேம் ஒன்றுதான். அறுந்த இழையை ஒட்டும் விரலும் ஒன்றுதான். சொல் மாறினால் கூலி மாறுகிறது. முதலாளி சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கவனமாக இருக்கிறான் பார்த்தீர்களா? சொல் தேர்வில் உண்மையான பரீட்சை இதுதான். இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுக்கு நடத்துகிறது?

ஆகவே நாம் கேட்பது பரீட்சையை ஒழிக்க அல்ல, மாற்ற. தனிச் சொல்லுக்கு நிகர்ச்சொல் கேட்டு மார்க்குப் போடுவதைக் குறையுங்கள். ஒரு நோட்டீசைக் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். சம்பளச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பி.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தாலும் பொருள் விளங்கினால் மார்க்குக் கொடுங்கள். கிராமத்துப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் இடம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. வகுப்பில் பிள்ளைகள் வாய் திறந்து பேச நேரம் வேண்டும். படிக்க நூலகத்தில் எளிய புத்தகங்கள் வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. பெற்றோர் கூட்டம் என்றால் லீவு போட்டாவது போக வேண்டும். இங்கிலீஷ் பாடம் யார் நடத்துகிறார்கள், எத்தனை பீரியட் நடந்தது என்று கேட்க வேண்டும். சங்க அலுவலகத்தில் மாலை நேரம் விளக்கு எரிகிறது. படித்த இளைஞர்கள் வாரம் இரண்டு நாள் வந்து பிள்ளைகளோடு உட்காரட்டும். ஆலையின் நோட்டீசே பாடப் புத்தகமாகட்டும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தகப்பனும் அருகில் உட்கார்ந்து கேட்கட்டும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். அந்தப் பூட்டைச் செய்தவன் பட்டறைத் தொழிலாளி. எந்தப் பூட்டுக்கும் சாவி செய்ய அவனுக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் படிப்புக்குப் போட்ட பூட்டுக்கும் சாவியை நாம்தான் அடிக்க வேண்டும். வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.