கம்பளியைக் கெடுப்பது உழைப்பன்று, கவனிப்பின்மையே

ஐப்பசி அடைமழையில் மடை திறக்கச் செல்லும் ஆளும், மார்கழிப் பனியில் ஆட்டுக்கிடையின் அருகில் படுத்துறங்கும் இடையனும் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த போர்வை கருங்கம்பளியேயாகும். அது மழைக்குக் கொங்காணியாகவும், இரவில் பாயாகவும், களத்தில் தானியம் கட்டும் விரிப்பாகவும் பயன்பட்டது. பண்ணையாளுக்கு ஆண்டுக்கு ஒரு கம்பளி அளிப்பது நிலக்கிழார் பலர் வீட்டில் வழக்கமாயிருந்தது.

இப்பொழுது அவ்விடத்தை ஆலைகளில் செய்யப்படும் அக்ரிலிக் போர்வை கவர்ந்து கொண்டிருக்கிறது. அது விலை குறைவு, பளு இல்லை, எப்படித் துவைத்தாலும் சுருங்குவதில்லை, பூச்சியும் அரிப்பதில்லை. இவை யாவும் உண்மையே. ஆயினும், கம்பளியைக் கைவிட்டதற்குக் குடியானவர்கள் கூறும் காரணங்களை ஆராய்ந்தால், “சுருங்கிவிட்டது”, “கட்டி தட்டிவிட்டது”, “பூச்சி அரித்துவிட்டது” என்னும் மூன்றே பெரும்பாலும் எஞ்சும். இம்மூன்றில் ஒன்றேனும் உடுத்துவதால் வருவதன்று. முதல் இரண்டும் துவைக்கும் கல்லில் நேர்பவை. மூன்றாவது பெட்டிக்குள் நேர்வது. ஆகையால் குறை கம்பளியினிடத்தில் இல்லை. அதனைப் பருத்தித் துணியைப் போல நடத்துவதில் இருக்கிறது.

கம்பளி இழை தாவரப் பொருளன்று. தலைமயிரையும் நகத்தையும் போலப் புரதத்தாலானது. அதன் மேற்புறத்தில் ஓட்டுக் கூரையைப் போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. வெந்நீரில் இட்டுச் சவுக்காரம் போட்டு அடிக்கும்போது இச்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக் கொள்கின்றன. அங்ஙனம் கோத்துக் கொண்டவை மீண்டும் விடுவதில்லை. நான்கு முழப் போர்வை மூன்று முழமாவதன் காரணம் இதுவே. மேலும், காரம் கம்பளிக்குப் பகை. நூற்றுக்கு ஐந்து பங்கு காரச் சோடா கலந்த கொதிநீரில் கம்பளி முற்றிலும் கரைந்து போகும். பருத்தியோ கரையாமல் நிற்கும். சலவைச் சோடா அவ்வளவு கொடியதன்று எனினும், அடிக்கடி உபயோகித்தால் இழையை நலியச் செய்துவிடும். உவர்மண்ணும் அத்தகையதே.

இவ்வளவு கவனம் செலுத்திக் கம்பளியைக் காப்பாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்களால் வேண்டும். முதலாவது, கம்பளி தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சிக் கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது. உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். வியர்வையும் தூறலும் ஒருங்கே சேரும் வயல் வேலைக்கு இக்குணம் மிகவும் ஏற்றது. இரண்டாவது, கம்பளி எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் நெருப்பை விலக்கியவுடன் பெரும்பாலும் அணைந்துவிடும். செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் களத்து மேட்டில் கணப்பு மூட்டி அதன் அருகில் உறங்குபவனுக்கு இவ்வேற்றுமை அற்பமானதன்று.

கம்பளி உடம்பில் உறுத்துகிறது என்பது நியாயமான குறையே. இதற்குக் காரணம் இழையின் பருமன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். சுமார் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட பருமனுள்ள இழை நுனிகள் தோலைக் குத்தும். திருச்சிக் கருப்பு ஆடும், குறும்பை என்று வழங்கும் கோயமுத்தூர் ஆடும் தரும் ரோமம் முரடானது. அது போர்வைக்கும் விரிப்புக்குமே உரியது. அதனைக் குழந்தையின் வெற்றுடம்பில் போர்த்துவது தவறு. உள்ளே ஒரு பருத்தித் துணி இருத்தல் நலம். பின்னல் சட்டைக்கு மெல்லிய ரோமம் வேண்டும். அத்தகைய ரோமம் தருவது நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயமுத்தூர் ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல்நாட்டு ஆடுகள் கலந்ததால் உண்டான இனம் இது. 1989இல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வினம் பேணப்பட்டு வருகிறது.

துவைக்கும் முறை கடினமானதன்று. முதலில் கம்பளியை உதறித் தூசி போக்க வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கும் குறைந்த இளஞ்சூட்டு நீரில், ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய பூந்திக்கொட்டைச் சாற்றைக் கலந்து, சிறிது நேரம் அமிழ்த்தி வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். கல்லில் அடித்தலும், தேய்த்தலும், முறுக்கிப் பிழிதலும் கூடா. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். பின்னர் உலர்ந்த துணியில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, கயிற்றுக் கட்டிலின்மேல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். பின்னல் சட்டையைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் பளுவால் அது நீண்டு உருக்குலையும். பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் அன்றே கோத்துவிட வேண்டும். தாமதித்தால் வரிசை முழுவதும் பிரியும். இதன் பொருட்டுப் பின்னி மிஞ்சிய நூலில் சிறிது எடுத்து வைத்துக் கொள்வது வீட்டுப் பெண்டிர் அறிந்த சிக்கனமாகும்.

இனி, பூச்சி. கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சியன்று. அது இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவேயாகும். இருளும், அசைவின்மையும், வியர்வை அழுக்கும் அதற்கு உகந்தவை. தை கழிந்ததும் அழுக்குடன் மடித்துப் பெட்டிக்குள் இட்டு, அடுத்த ஐப்பசி வரை திரும்பிப் பாராதவர் அப்புழுவுக்கு விருந்து வைத்தவராவர். உள்ளே இட்ட வேப்பிலை மட்டும் அழுக்குக் கம்பளியைக் காத்துவிடாது. துவைத்து நன்றாக உலர்த்திய பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். அந்துருண்டை இடுவதாயின் அதைத் துணியில் முடிந்து குழந்தைகளுக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெயிலில் விரித்து, மடிப்புகளைத் தூரிகையால் துடைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. உடுத்துக் கிழிந்த கம்பளிகளைக் காட்டிலும் வைத்துக் கெட்ட கம்பளிகளே அதிகம் என்றால் மிகையாகாது.

கம்பளி வாங்குவோர் ஏமாறாதிருக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவிக் கொளுத்திப் பார்க்க வேண்டும். மயிர் கருகும் நாற்றமும், விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் கம்பளிக்கு அடையாளம். உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அது செயற்கை இழை.

ஆடு வளர்ப்போரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். கத்தரிப்பதற்கு இரண்டொரு நாள் முன்னர் ஆடுகளை ஓடும் நீரில் குளிப்பாட்டினால், ரோமத்தில் ஒட்டிய மண்ணும் வியர்வை உப்பும் பெரும்பாலும் நீங்கிவிடும். அடையாளத்திற்காகத் தார் பூசினால் அவ்விடத்து ரோமம் எதற்கும் உதவாது; தார் கரைவதில்லை. கருமையையும் வெண்மையையும் கத்தரிக்கும்போதே பிரித்து வைக்க வேண்டும். கலந்த ரோமத்திற்கு நெசவாளர் குறைந்த விலையே கொடுப்பர். விலை இல்லையென்று ரோமத்தைக் குப்பைக்கு அனுப்புவோர், அவ்விலையின்மைக்குத் தாமும் ஓரளவு பொறுப்பாளி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரோமம் விலைபோகாவிடின் கத்தரிக்கும் கூலி நஷ்டமாகும். நஷ்டமானால் இடையர் கம்பளியாடுகளை விட்டு, இறைச்சிக்கு மட்டும் உதவும் ஆடுகளை நாடுவர். அதன்பின் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றிக் குழித்தறியில் நெய்யும் குறும்பர் தொழிலும் நில்லாது. ஒரு முறை அற்றுப்போன ஆட்டினத்தை எந்தச் சர்க்காராலும் எளிதில் மீட்க முடியாது.

எனவே நிலமுடையோர் தம் ஆட்களுக்குப் போர்வை வாங்கும்போது, விலையை மட்டும் கேளாமல் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் கேட்க வேண்டும். கொடுக்கும்போதே அதனைத் துவைக்கும் முறையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிராம நிருவாக அலுவலரும் ஊராட்சி மன்றத்தாரும், குடிநீருக்குக் கேடு வாராதபடி ஆடு குளிப்பாட்ட ஒரு துறையை ஒதுக்கிக் கொடுக்கலாம். மழைக்கால உதவிக்கென வாங்கும் போர்வைகளில் ஒரு பகுதியையாவது அருகிலுள்ள நெசவாளரிடம் வாங்குமாறு மேலதிகாரிகளுக்கு எழுதலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. முறையறிந்து பேணினால் கம்பளி நெடுநாள் உழைக்கும். அதனை உடுத்துபவனோடு, ஆட்டை வளர்ப்பவனும் நெய்பவனும் பிழைப்பர்.