எம்.சி. கொடுத்தாச்சு, என்ன நோய்னு முதலாளி கேட்கலாமா?

சுங்கை பட்டாணியில் கம்பெனி பேனல் கிளினிக்குக்குப் போறீங்க. டாக்டர் பார்க்கிறார், ரெண்டு நாள் எம்.சி. தருகிறார். மறுநாள் எச்.ஆர். கிளினிக்குக்குப் போன் போட்டு, "என்ன பிரச்சினை அவருக்கு?" என்று கேட்கிறார். கிளினிக் பதில் சொல்லலாமா?

உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. பில் கட்டுவது கம்பெனிதான், ஆனால் நோயாளி நீங்கள்.

கெடாவில் இது தாத்தா காலத்துக் கேள்வி. ரப்பர் தோட்டங்களில் மருந்து கொடுத்த டிரெஸ்ஸரும் தோட்டச் சம்பளக்காரர்தான். காலையில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும், அப்புறம் கிராணிக்கு, மானேஜருக்கு. சாயங்காலத்துக்குள் லயம் பூரா தெரிந்துவிடும். இன்று பீடோங், பாடாங் செராய் பக்கம் தோட்டத்தை விட்டு தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கு டிரெஸ்ஸர் இடத்தில் பேனல் டாக்டர். வேலைச் சட்டம் 1955-இன்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு வேண்டுமென்றால் பொதுவாக முதலாளி நியமித்த டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலமும் மனநலமும் பற்றிய தகவலை 'உணர்வுபூர்வமான தரவு' என்று தனியாக வைக்கிறது. அதைக் கையாள உங்கள் வெளிப்படையான சம்மதம் தேவை. சிகிச்சை, வேலைச் சட்டக் கடமை போன்ற சில விலக்குகள் உண்டு. மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 2025 ஜூன் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: தரவு கசிந்து பெரிய பாதிப்பு வரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும், அதன்பின் 7 நாளுக்குள் உங்களுக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சேரும்போது நீட்டும் பாரத்தில் 'மருத்துவத் தகவலை நிறுவனத்துக்குத் தர சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி இருந்தால்? நம்மில் பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்போம்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில்

இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. 3-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அரசாங்க கிளினிக்கும் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா போன்ற மருத்துவமனைகளும் இதற்கு வெளியே. காசு குறைவாக இருப்பவர்கள்தான் அங்கே அதிகம் போகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 2021-இல் மைசெஜாத்ராவின் 'சூப்பர் அட்மின்' கணக்கு ஒன்றிலிருந்து 30 லட்சம் தடுப்பூசி பெற்றவர்களின் விவரம் பதிவிறக்கப்பட்டதாக தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை 2023 பிப்ரவரியில் சொன்னது. கெடாவில் ஊசி போட்ட நாமும் அந்தச் செயலியில்தான் இருந்தோம்.

அரசாங்க டாக்டருக்கு ரகசியக் கடமையே இல்லையா? உண்டு. எல்லா டாக்டர்களும் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவானவர்கள், அதன் ரகசிய விதி எங்கே வேலை செய்தாலும் கட்டுப்படுத்தும். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் டாக்டர் இல்லையே. வார்டில் எடுத்த போட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால் மன்றம் அவரைக் கேட்க முடியாது, துறை நடவடிக்கைதான்.

எப்போது ரகசியம் உடையலாம்?

காசநோய், டெங்கி, எச்.ஐ.வி. போன்றவற்றை தொற்றுநோய்ச் சட்டம் 1988-இன் கீழ் சுகாதார அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும். அதிகாரியிடம்தான், முதலாளியிடமோ கோயில் கமிட்டியிடமோ இல்லை. குழந்தை துன்புறுத்தப்பட்ட சந்தேகம் வந்தால் டாக்டர் வாய் மூடி இருக்கக் கூடாது என்று குழந்தைகள் சட்டம் 2001 சொல்கிறது.

தகவல் கசிந்ததாகத் தெரிந்தால், டாக்டர்மீது மருத்துவ மன்றத்திலும், தனியார் கிளினிக்மீது தரவுப் பாதுகாப்பு ஆணையரிடமும், அரசாங்க மருத்துவமனைமீது சுகாதார அமைச்சிடமும் புகார் தரலாம். தனியார் கிளினிக்கில் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டால், 21 நாளில் பதில் தர வேண்டும். சின்னக் கட்டணம் கேட்பார்கள்.