தொலைதூரத் துக்கமும் தெருவோர மரங்களும்

பெற்றோர் மறைந்தால் நாலு பேர் வீடு தேடி வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். கணவனோ மனைவியோ போனால் உறவே திரண்டு நிற்கிறது. கூடப் பிறந்தவர் இறந்தால் மட்டும், அதிலும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவருக்கு, அது கேட்பாரற்ற துக்கமாகிவிடுகிறது. தலைநகரில் வாழும் நம்மவர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

முன்பெல்லாம் தந்தி வரும். ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இரண்டு இரவுகளைக் கழித்து, சென்னையில் இறங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது கைப்பேசியும் விமானமும் இருக்கின்றன. ஆனால் தெற்கே ஒரு கிராமம் என்றால் இன்றும் ஒரு பகல் ஆகிறது. கோடை வெயிலில் உடலை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. துக்கத்துக்கென்று தனி விடுப்பு கிடையாது.

என் அக்கா 2017 மே மாதம் தென்காசிப் பக்கம் காலமானார். பிறந்த வீட்டுக் கோடி போடுவது உடன்பிறந்தானின் உரிமை. என் இடத்தில் நின்று சித்தப்பா மகன் போட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடித்துத் தில்லி திரும்பினால், இங்கே அக்காவைப் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. யாரிடம் எதைச் சொல்வது? நம் சிறு வயதுக்குச் சாட்சியாக இருந்தவர்கள் உடன்பிறந்தவர்கள்தாம். அவர்கள் போகும்போது அந்த வயதின் பாதியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எனக்கு அந்த ஆண்டு ஆறுதல் தந்தவை மரங்கள். சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அசோகா சாலையில் இரு புறமும் நாவல் மரங்கள் நிற்பதை நாம் தினமும் பஸ்ஸில் இருந்தே பார்த்துவிட்டுப் போகிறோம். ஜூலை மாதம் மரத்தடியில் துணியை விரித்துக் கிளைகளை உலுக்கிப் பழம் சேர்ப்பார்கள். நடைபாதையெல்லாம் ஊதா நிறமாகிவிடும். நாக்கு ஊதாவாகும்வரை தின்றுவிட்டு, அம்மாவிடம் அக்காவும் நானும் சேர்ந்து வாங்கிய அடி அங்கேதான் நினைவுக்கு வந்தது. அழுகையும் அங்கேதான் வந்தது. ஊரில் அழ முடியாததை இந்த ஊர் நடைபாதையில் அழுது தீர்த்தேன்.

இங்குள்ள மரங்களில் பல நம் ஊர் மரங்களே. ஜாமுன் என்பது நாவல், அமல்தாஸ் என்பது சரக்கொன்றை, இம்லி என்பது புளி. வேம்பும் அரசும் சொல்லவே வேண்டாம். லோதி தோட்டத்திலோ, காலனிப் பூங்காவிலோ, அரைமணி நேரம் நடந்தால் போதும். மரம் நம்மிடம் விவரம் கேட்பதில்லை. "முகம் பார்த்தாயா? கடைசியில் பேசினாயா?" என்று துருவுவதில்லை. பூ, காய், பழம் என்று அது தன் பாட்டில் மாறிக்கொண்டிருக்கிறது. நாட்கள் நகர்கின்றன என்பதை நமக்குப் புரியவைக்க அதுவே போதும்.

மரம் மனிதருக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. தில்லியின் நவம்பர் புகையில் நடைப்பயிற்சி உடம்புக்குக் கேடு என்பதும் தெரிந்ததே. தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்கில் கெட்டுப்போனால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பேச ஆளில்லாத துக்கத்துக்கு, பேச்சே தேவைப்படாத துணை ஒன்று வேண்டியிருக்கிறது. அது செலவில்லாமல் நம் தெருவிலேயே நிற்கிறது.

சங்க அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த பிளாக்கில் இருப்பவரின் அண்ணனோ தங்கையோ ஊரில் இறந்தார் என்று கேள்விப்பட்டால், அதைத் துக்க வீடாகவே நினைத்துப் போய் உட்காருங்கள். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு போங்கள். "போய்ச் சேர முடிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். இரண்டாவதாக, மாதம் ஒரு ஞாயிறு காலை சங்கத்தின் சார்பில் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பூங்காவுக்கு நடக்கலாம். மழைக்காலத்தில், இடமிருக்கும் காலனிகளில் அனுமதி பெற்று, போனவர் நினைவாக ஒரு வேம்போ நாவலோ நடலாம். கோடி போட முடியாத கைகள் ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். பிள்ளைகள் கேட்பார்கள், இது யாருக்காக என்று. அப்போது அவர்கள் பார்த்திராத பெரியப்பாவையும் அத்தையையும் பற்றிச் சொல்ல நமக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.