செவுள் சிவப்பா இருந்தா போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். "செவுளைப் பாருக்கா, எப்படி ரத்தமா இருக்குது!" என்று தூக்கிக் காட்டுவார்கள். செவுளின் நிறம், கண்ணின் பளபளப்பு, வாடை... இதெல்லாம் மீன் பழசா புதுசா என்பதைச் சொல்லிவிடும். ஆனால், சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா அதில் இருக்கிறதா என்பதை மூக்கும் சொல்லாது, கண்ணும் சொல்லாது.

ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம். ஆனால், வழக்கமான முறையில் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து எண்ணவே 2, 3 நாள்கள் வேண்டும். சால்மோனெல்லாதான் என்று உறுதிசெய்ய 4, 5 நாள்கள்கூட ஆகலாம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை குழம்பு காலியாகியிருக்கும்!

இங்கேதான் மின்சாரம் உதவிக்கு வருகிறது. மீன் மாதிரியைச் சத்துள்ள திரவத்தில் கலந்து, அதற்குள் இரண்டு மின்முனைகளை வைத்து மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். பாக்டீரியா அந்தச் சத்தைத் தின்று அமிலம், அம்மோனியா போன்றவற்றை வெளியேற்றும். அவை மின்னூட்டம் கொண்டவை என்பதால், திரவத்தில் மின்சாரம் இன்னும் சுலபமாகப் பாயும். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 லட்சத்திலிருந்து 1 கோடி பாக்டீரியா சேரும்போது கருவியில் கோடு சட்டென்று மேலே ஏறும். சீக்கிரம் ஏறினால், ஆரம்பத்திலேயே கிருமி அதிகம் என்று அர்த்தம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும். எந்த பாக்டீரியா என்று தெரிய, அது மட்டும் வளரும்படியான திரவமும் மறுபரிசோதனையும் தேவை.

இது நேற்று வந்த யோசனை இல்லை. ரத்தம் கெட்டுப்போகும்போது மின்கடத்தும் திறன் மாறுவதை ஜி.என்.ஸ்டூவர்ட் என்ற உடலியல் விஞ்ஞானி 1899-லேயே பதிவுசெய்திருக்கிறார்.

இந்த வேகம் ஏன் முக்கியம்? 1997-ல் சுகாதாரக் குறைகளைக் காரணம் காட்டி, இந்தியக் கடல் உணவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ஒரு பெட்டி இறாலில் கிருமி இருந்தால், அடி விழுவது படகுக்காரரிலிருந்து இறால் உரிக்கும் பெண்கள் வரை எல்லோருக்கும்தான்.

சரி, நம் வீட்டில் கருவி இல்லையே? கணக்கு இருக்கிறது. சாதகமான சூட்டில் சில பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். இதற்குத் தடை போடுவது ஐஸ்தான்.

மீன் வாங்கப் போகும்போது ஐஸ் பெட்டியோடு போங்கள். வந்ததும் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். பச்சை மீன் நறுக்கிய கத்தியால் வெங்காயம் நறுக்காதீர்கள். "கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்" என்றும் இருந்துவிடாதீர்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, கானாங்கெளுத்தியில் பாக்டீரியாவால் உருவாகும் ஹிஸ்டமின், கொதித்தாலும் போகாது.

அடுத்த முறை செவுளைப் பார்த்த பிறகு, அந்த மீன் ஐஸ் மேல் இருக்கிறதா, வெயிலில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்!