ஃப்ளாஷுக்குத் தலை திரும்ப வேணும்

இந்தத் தடவை நான் எழுதுவது கேமராவுக்கு மேலே மாட்டுகிற ஃப்ளாஷைப் பற்றி. இதெல்லாம் ஒரு விஷயமான்னு போயிடாதீங்க, கொஞ்சம் நின்னு படிங்க.

எங்க பெரியம்மா மகள் நல்ல கருப்பு. அக்கா கல்யாண ஆல்பத்தில் முகம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. பவுடர் வேற. கழுத்து கருப்பு, பின்னாடி மண்டபமே இருட்டு. சொந்தக்காரங்க எல்லாம் "பரவால்ல, செவப்பா விழுந்திருக்கறா"ன்னு சொன்னாங்க. அக்கா அந்த ஆல்பத்தை பீரோவுக்குள்ள வெச்சுட்டாங்க. யார் கேட்டாலும் எடுக்கறதில்லை.

எங்க மாமா தொண்டாமுத்தூர் பக்கம் காதுகுத்து, சீர், கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர். போன மாதம் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு ஃப்ளாஷ் வாங்க டவுனுக்குப் போனப்ப நானும் போனேன். கடைக்காரர் பெட்டி மேல இருந்த நம்பரையே காட்டினார். அதுக்குக் கைடு நம்பர்னு பேரு. ஐ.எஸ்.ஓ. 100-ல் அந்த நம்பரை லென்சின் எஃப் எண்ணால் வகுத்தா எத்தனை மீட்டருக்கு ஒளி பத்தும்னு தெரியும். 60-ஐ 8-ஆல் வகுத்தா 7.5 மீட்டர். கணக்கு சரிதான். ஆனா பல பெட்டியில் அந்த 60, ஒளியை 200 மி.மீ. ஜூமுக்கு டார்ச் மாதிரி குறுக்கும்போது வர்றது. குரூப் போட்டோவுக்கு அகலமா விரிச்சா அவ்வளவு வராது.

அதனால நம்பர் ரெண்டாவதுதான். ஃப்ளாஷோட தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புதான்னு முதல்ல பார்க்கணும் என்பது என் கருத்து.

ஏன்னா, தூரம் ரெண்டு மடங்கானா ஒளி கால்வாசி ஆயிடும். அக்கா 2 மீட்டரில், மண்டபச் சுவர் 8 மீட்டரில்னா சுவருக்குப் பதினாறில் ஒரு பங்கு ஒளிதான் போகும். அதான் முகம் வெள்ளை, பின்னாடி இருட்டு. தலையை வெள்ளைக் கூரைப் பக்கம் திருப்பினா கூரையே பெரிய விளக்காயிடும். ஒளி பரவலா இறங்கும், கண்ணும் கூசாது.

மாமா ஒத்துக்கலை. "மண்டபக் கூரை எட்டாத ஒசரத்துல இருக்குது சாமி. பந்தல்ல பச்சைத் துணி கட்டுனா மூஞ்சியும் பச்சையாத்தான் விழும்"னார். அது நிஜம். அதுக்கு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதுங்க, நான் புடிச்சுக்கறேன்னு சொன்னேன். திருப்பி அடிச்சா ஒளி நிறைய வீணாகுமாம், அதனால ரொம்பச் சின்ன ஃப்ளாஷும் ஆகாது. இதில் மாமா சொன்னதுதான் சரி.

அடுத்தது டி.டி.எல். கேமரா முதலில் சின்னதா ஒரு வெளிச்சம் அடிச்சு, திரும்பி வர்றதை அளந்து, அதுக்கேத்த மாதிரி பெருசா அடிக்கும். கேனானுக்கு வாங்கினது நிக்கானில் இப்படி வேலை செய்யாது, பார்த்து வாங்கணும். பின்னாடி இருட்டா இருந்தா அதுவும் ஏமாந்து முகத்துக்கு அதிகமா அடிச்சுடும். அப்போ நாமதான் மைனஸில் வைக்கணும்.

ஆனா மைனஸில் வெச்சா பார்ட்டிக்குப் பிடிக்காதாம். "புள்ளைக்குக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க, கலரா தெரியட்டும்"னு அவங்களே கேக்கறாங்களாம். எனக்குக் கோபமே இங்கதான். 1950-களில் இருந்து கோடக் கம்பெனி லேப்களுக்கு ஷெர்லி கார்டுன்னு ஒரு வெள்ளைக்காரப் பெண் படத்தைக் கொடுத்து, அவங்க நிறம் சரியா வந்தா கலர் பிரிண்டே சரின்னு வெச்சிருந்தாங்களாம். அது வெளிநாட்டு விஷயம். நம்ம ஊர்ல, நம்ம வீட்டுப் பொண்ணோட நிறத்தை நாமே எதுக்கு அழிக்கச் சொல்றோம்? காசும் கொடுத்து!

மாமா கடைசியில் தலை திரும்புகிற ஃப்ளாஷே வாங்கிட்டார். அக்காவை வெள்ளைச் சுவர் ஓரம் நிக்க வெச்சு ஒரு படம் எடுக்கணும்னு கேட்டிருக்கேன். அக்கா இன்னும் சரின்னு சொல்லலை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி