88 நாள் விடுமுறை

ஆஸ்திரேலியாவின் ‘வேலையும் விடுமுறையும்’ விசா பற்றி முதுகலை மாணவர்கள் சிலர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை எழுதுவதைக் காட்டிலும் பொதுவில் எழுதிவிடுவது நல்லது எனத் தோன்றியது. புலம்பெயர் உழைப்பு என் ஆய்வுக்கு நெருங்கிய பொருள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்க.

2022 ஏப்ரலில் கையெழுத்தாகி அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தத்தின் வழியாகவே இவ்விசா நமக்குத் திறக்கப்பட்டது. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களில் ஆண்டுக்கு 1,000 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவர். 2024 அக்டோபரில் முதற்பதிவு தொடங்கியபோது இரண்டு வாரங்களுக்குள் சுமார் 40,000 பேர் பதிந்தனர். பள்ளிக்குப் பின் இரண்டாண்டுப் படிப்பேனும் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். கையில் 5,000 டாலர் அளவுக்குப் பணமும் வேண்டும். எனவே இது நிலமற்ற கூலி உழவரை நோக்கி விடுக்கப்பட்ட அழைப்பு அன்று. கல்லூரி வகுப்பறையை நோக்கி விடுக்கப்பட்ட அழைப்பு. அழைக்கப்படுவதோ பெரும்பாலும் பழத்தோட்டத்துக்கு.

இத்திட்டம் 1975 இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர்களுக்கெனத் தொடங்கப்பட்டது. ஊர் சுற்ற வருவோர் வழிச்செலவுக்குக் கொஞ்சம் உழைத்துக்கொள்ளலாம் என்பதே அன்றைய கருத்து. திருப்பம் நேர்ந்தது 2005 இல். நாட்டுப்புறப் பகுதிகளில் குறிப்பிட்ட வேலைகளை 88 நாட்கள் செய்தால் இரண்டாம் ஆண்டும் தங்கலாம் என்றானது. 2019 முதல், மேலும் ஆறு மாதம் அவ்வாறு உழைப்போர்க்கு மூன்றாம் ஆண்டும் உண்டு. நம்மவர்க்குரிய 462 ஆம் எண் விசாவிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். முதலாண்டில் யாரும் தோட்டத்துக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தங்கலை நீட்டிக்க விரும்புவோர்க்கு வழி தோட்டத்தின் ஊடாகவே செல்கிறது. விடுமுறைத் திட்டம் என்னும் பெயர் மாறாமலேயே அது அறுவடைக்கு ஆள் வழங்கும் திட்டமாகிவிட்டது.

வேலையின் இயல்பு பற்றி இணையத்தில் காணும் படங்கள் பெரிதும் ஏமாற்றுபவை. குயின்ஸ்லாந்தின் கபூல்ச்சரில் ஸ்ட்ராபெரி பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும். ஷெப்பர்டனில் பேரிக்காய் பறிப்பவர் மார்பில் கட்டிய பையுடன் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். டாஸ்மேனியாவில் செர்ரியைக் காம்பு அறாமல் எடுக்க வேண்டும். மழை பெய்தால் அன்று வேலை இல்லை. வேலை இல்லாத நாளிலும் விடுதி வாடகை ஓடிக்கொண்டிருக்கும். இந்த விடுதிகள் தனியே ஆராயத் தக்கவை. பல ஊர்களில் விடுதி நடத்துபவரே வேலை பிடித்துத் தருபவரும் ஆவார். படுக்கையை விட்டால் வேலை போகும். வேலையைப் பற்றி முறையிட்டால் படுக்கை போகும். 2000 ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில் இத்தகைய விடுதி ஒன்று எரிந்து 15 இளைஞர்கள் மாண்டார்கள். தீ வைத்தவன் ஒருவன்தான். ஆயினும் பழம் பறிக்க வந்தவர்கள் எத்தகைய கட்டடங்களில் நெருக்கி வைக்கப்பட்டிருந்தனர் என்பது அந்நாட்டுக்கு அன்றுதான் உறைத்தது.

கூலிக்கு வருகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ‘பீஸ் ரேட்’ என வழங்கும் முறைதான் அங்கும் நெடுங்காலம் கோலோச்சியது. பெட்டிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு. காய்ப்பு மெலிந்திருந்தாலும், முன்னே சென்றவர் நல்லதையெல்லாம் பறித்துவிட்டிருந்தாலும் கணக்கு பெட்டிக்குத்தான். புதியவரின் கை பழகுவதற்குள் பருவமே முடிந்துவிடும். லாரி பெர்க், பஸ்ஸினா ஃபார்பென்ப்ளும் ஆகிய இருவரும் 4,322 தற்காலிகப் புலம்பெயர்ந்தோரிடம் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பழமும் காய்கறியும் பறித்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மணிக்கு 10 டாலரோ அதற்கும் குறைவோதான் பெற்றிருந்தனர். பின்னர் ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் விண்ணப்பத்தின்மீது ஃபேர் வொர்க் ஆணையம் 2021 நவம்பரில் ஒரு முடிவெடுத்தது. 2022 ஏப்ரல் 28 முதல், பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி உறுதிசெய்யப்பட்டது. அன்றாடத் தொழிலாளர்க்கு அன்று அது 25.41 டாலர். இது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. அரசு கருணை கொண்டு தந்ததன்று, சங்கம் போராடிப் பெற்றது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

எனினும் என் கருத்தில் சிக்கலின் வேர் கூலியில் இல்லை. அந்த 88 நாளில் இருக்கிறது. 70 நாள் முடித்துவிட்ட ஒருவர் தம் முதலாளி கூலியைக் குறைக்கிறார் என்று புகார் செய்வாரா? மீதி 18 நாளுக்கும், முடித்த 70 நாளுக்கான சான்றுக்கும் அவர் அதே முதலாளியைத்தானே நம்பியிருக்கிறார். தங்கும் உரிமையை முதலாளி தரும் தாளோடு கட்டிவைத்த எந்த ஏற்பாடும், அந்த முதலாளி நல்லவராயிருப்பதை மட்டுமே காப்பாகக் கொண்டிருக்கும். ஆஸ்திரேலியா இதை அறியாததன்று. பிரிட்டனுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின் பயனாக, 2024 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் குடிமக்கள் இவ்வேலை எதையும் செய்யாமலே மூன்றாண்டும் பெறலாம். அவர்கள் தோட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அதே ஆண்டில்தான் நம் குலுக்கல் தொடங்கியது. இதைத் தற்செயல் என்று கொள்வோர் கொள்க. இரு நாடுகளும் வணிக ஒப்பந்தமே செய்தன. ஒரு நாடு விலக்குக் கேட்டுப் பெற்றது. மற்றொன்று 1,000 சீட்டுகளைப் பெற்று மகிழ்ந்தது.

“உடல் உழைப்பின் மாண்பை நம் மாணவர் அங்கே கற்றுக்கொள்வார்களே” எனத் துறையில் ஒரு பேராசிரியர் வினவினார். வினா நியாயமானது. ஆனால் அம்மாண்பைக் கற்க நம்மவர்க்கு இந்தியப் பெருங்கடலைக் கடக்க வேண்டியிருப்பது ஏன்? நான் பயிலும் வடநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இரவுப் பேருந்தில் ஏறினால் சிம்லா மாவட்டத்து ஆப்பிள் தோட்டங்களை அடைந்துவிடலாம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நேபாளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அங்கே நெற்றிப் பட்டையில் சுமை தாங்கிச் சரிவேறுகிறார்கள். ஆப்பிள் அட்டைப்பெட்டியின் அளவை இமாச்சல அரசு 2024 இல் ஒரே சீராக்கியபோது தோட்டக்காரரின் விலை பற்றி நிறையப் பேசப்பட்டது. சுமப்பவரின் முதுகு பற்றி நான் அதிகம் கேட்டதில்லை. அங்கே பழம் பறிப்பது ‘அனுபவம்’, இங்கே பறிப்பது ‘கூலி வேலை’ என்றால் வேறுபாடு பழத்தில் இல்லை. திரும்பிவரப் பயணச்சீட்டு உள்ளவர் செய்யும்போது அதே வேலை சாகசமாகிவிடுகிறது. சாதியும் இதில் உண்டு என்பதை இவ்விடத்தில் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆஸ்திரேலியத் தோட்டத்தில் பக்கத்து வரிசையில் வனுவாட்டுவிலிருந்தோ டோங்காவிலிருந்தோ வந்த ஒருவர் இருப்பார். முதலாளியை எளிதில் மாற்ற முடியாத விசா அவருடையது. 1863 முதல் 1904 வரை சுமார் 62,000 பசிபிக் தீவினர், பலர் ஏமாற்றியும் கடத்தியும், குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். தீவினரோடு தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் நம் பயணிகள் இதையும் படித்துவிட்டுச் செல்லலாம். வூல்கூல்காவில் வாழைத் தோட்டக் கூலிகளாகத் தொடங்கிய பஞ்சாபியர் குடும்பங்கள் இன்று ப்ளூபெரித் தோட்ட உடைமையாளர்களாக இருப்பதையும் காணலாம். முதலாளி நம் நாட்டவராயின் கூலி சரியாயிருக்கும் என்னும் நம்பிக்கை மட்டும் வேண்டாம்.

போகாதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தற்போது நடக்கும் விரிவான ஒப்பந்தப் பேச்சில் பிரிட்டன் பெற்ற விலக்கை இந்தியாவும் கேட்க வேண்டும் என்கிறேன். இக்கோரிக்கையை எழுப்பப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் எல்லா உரிமையும் உண்டு; இதுவரை எழுப்பியதாகத் தெரியவில்லை.

அதற்கிடையில் செல்வோர் கவனிக்க: ஊதியச் சீட்டு இல்லாத நாள் 88 இல் சேராது, ஆகவே ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கூலி தருபவரையும், ‘ஏபிஎன்’ எண் எடுத்துத் தனித் தொழில் செய்பவராகப் பதிந்துகொள் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி உண்டு. உங்கள் பெயரில் முதலாளி கட்டும் ஓய்வூதியத் தொகையை நாடு திரும்பியபின் கோரினால் அதில் 65 விழுக்காட்டை வரியாக எடுத்துக்கொள்வார்கள்; வரவு செலவுக் கணக்கு போடும்போது அதை வரவாகக் கொள்ள வேண்டாம். சென்று திரும்பியவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் சீட்டுகளைப் பெயரை மறைத்து எனக்கு அனுப்பலாம். அடுத்த குலுக்கலுக்கு முன் தமிழில் ஒரு கூலிக் கணக்கைத் தொகுத்துப் பொதுவில் வைக்க எண்ணியிருக்கிறேன்.