அட்மினைத் தூக்கிடுவாங்களாம்!

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போன வாரம் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இனி அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம். தண்ணீர் லாரி வருமா, லிஃப்ட் எப்போது சரியாகும், எதையும் கேட்க வழியில்லை. மூன்றாவது மாடிக்காரர் ஒரு கட்சித் தலைவரைக் கிண்டலடிக்கும் படத்தை அனுப்பிவிட்டாராம். “அவர் போட்டுட்டுப் போயிடுவார். போலீஸ் அட்மினைத்தான் சார் முதல்ல தூக்கும்” என்றார் அட்மின். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கடன் வாங்கியவர் யார், ஜாமீன் போட்டவர் யார், சும்மா கூட வந்தவர் யார் என்று காலமெல்லாம் பிரித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய மனிதர்!

எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததாம். மூன்று டிக்கும் சிவப்பானால் கோர்ட்டு சம்மன் வரும் என்று ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறதே, அதே வகைச் சரக்கு. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்?

இவர்களுக்கெல்லாம் நான் சொல்ல விரும்புவது ஒரே ஊர்ப்பெயர்: கரூர். அங்கே வழக்கறிஞர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. உறுப்பினர் ஒருவர் சமூகங்களுக்கிடையே பகை மூட்டும்படி எழுதினார் என்று புகார். போலீஸ் அட்மினையும் சேர்த்து வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்ன சொன்னது? அவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே வரக்கூடாது. அதே வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை இதைத்தான் சொன்னது. 2022-ல் கேரளமும் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது: பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவன் மேல் வழக்குப் போடுவது போலத்தான் அட்மின் மேல் போடுவதும். அட்மினே தூண்டிவிட்டார், கூட்டுச் சேர்ந்தார் என்றால் கதை வேறு. அது அட்மின் என்பதற்காக அல்ல, கூட்டாளி என்பதற்காக.

இப்போது மற்றவர் பதிவை அழிக்க அட்மினுக்குப் பொத்தான் வந்துவிட்டதே என்கிறார்கள். வந்து விழுந்த பிறகுதானே ஐயா அழிக்க முடியும்? ராத்திரி 2 மணிக்கு எவனோ அனுப்புவதை அட்மின் கண்விழித்துக் காவல் காக்க வேண்டுமா? கரூரை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

இந்தப் பயத்தை விதைத்தது அதிகாரிகள்தான். 2017-ல் வாரணாசி மாவட்ட நிர்வாகம், குழுவில் வதந்தி வந்தால் அட்மின் மேலும் வழக்கு என்று உத்தரவே போட்டது. சட்டத்தில் இல்லாததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நமக்கு அதுவே சட்டம். மூச்சுவிடாமல் கட்டுப்படுவோம். கரூர்த் தீர்ப்பை மட்டும் எந்தக் காவல் நிலையச் சுவரிலும் ஒட்ட மாட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கோடிக்கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிக்குக் கவசம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. அடுத்தவர் போட்ட பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்த பிறகும் நீக்காமல் இருந்தால்தான் சிக்கல் என்று 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கம்பெனி நிம்மதியாகத் தூங்குகிறது. பைசா சம்பளமில்லாத எங்கள் அட்மின் தூக்க மாத்திரை தேடுகிறார்.

பயப்பட வேண்டியவர்களோ பயப்படுவதே இல்லை. “வந்ததை அப்படியே அனுப்புகிறேன்” என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் பாவமெல்லாம் கரைந்துவிடும் என்று நம்புகிறார்கள். 2018-ல் நடிகர் எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தும் பதிவொன்றை முகநூலில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தச் செய்தியை மட்டும் எங்கள் குழுவில் எவரும் ஃபார்வர்டு செய்யவில்லை.